விளையாட்டுக் காட்டி வேலை வாங்கலாமா?

சில மாதங்களுக்கு முன் பாரிசவாதத்தால் பாதிக்கப்பட்ட ஒரு முதியவரைக் காண அவரது இல்லத்துக்குச் சென்றிருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடசாலையிற் கணிதம் கற்பித்தவர். வலது கை சரிவர வழங்கவில்லை. வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பி ஆறு வாரங்கள் ஆகியிருந்தன. இயன் மருத்துவர் கொடுத்துவிட்ட சிறிய றப்பர்ப் பந்து யன்னலோரத்தில் தூசு படிந்து கிடந்தது. அதைப் பிடித்து அமுக்க வேண்டும், மேசைமேல் கையை நீட்டி மடக்க வேண்டும், நாள்தோறும் பலமுறை செய்யவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்களாம். முதல் வாரம் செய்தார். பின்பு விட்டுவிட்டார்.

கனடாவில் வாழும் மகன் தொலைபேசியில் ஒரு காணொளியை அனுப்பியிருந்தான். மகள் அதை எனக்குக் காட்டினாள். நோயாளி ஒருவர் இயந்திரக் கையொன்றோடு தம் கையைப் பிணைத்துக்கொண்டு, திரையில் ஓடும் வண்ணப் பந்துகளைத் துரத்துகிறார். ஒன்றைப் பிடிக்குந்தோறும் மணி ஒலிக்கிறது, புள்ளிக்கணக்கு ஏறுகிறது. "இப்படி ஒண்டை அப்பாவுக்கு எடுப்பிக்கலாமோ எண்டு சுவாமியிட்டைக் கேட்கச் சொன்னவன்" என்றாள் மகள்.

ஆசிரியர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். "சுவாமி, நான் பிள்ளையளுக்குப் படிப்பிச்சவன். எனக்கு மணி அடிச்சு விளையாட்டுக் காட்ட வேணுமே?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னால் உடனே விடை கூற முடியவில்லை. வளர்ந்த மனிதன் ஒருவனை, அவனுடைய நன்மைக்காகவே ஆயினும், விளையாட்டைக் காட்டி ஒரு வேலையைச் செய்விப்பது உதவியா, அவமதிப்பா? நோயாளர் இருக்கும் வீடுகளில் இக்கேள்வி இனி அடிக்கடி எழும் என்பதால், வாசகர்களோடு சேர்ந்து சற்றுச் சிந்திக்க விரும்புகிறேன்.

இயந்திரம் செய்வது என்ன?

பாரிசவாதத்தில் கெட்டுப்போவது கையன்று. கையை ஆளும் மூளையின் ஒரு பகுதியே. மூளையின் எஞ்சிய பகுதிகள் அவ்வேலையை ஓரளவுக்குக் கற்றுக்கொள்ளக்கூடும். ஆனால் கற்பதற்கு ஒரே வழி, திரும்பத் திரும்பச் செய்தல். இங்கேதான் இடர்ப்பாடு. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கைக்குரிய செயற்பயிற்சி ஒரு தடவையில் சராசரியாக 32 முறையே நடைபெற்றது. வசதிகள் நிறைந்த நாடுகளிலேயே இந்த நிலை. சலிப்பும் சோர்வும் வெட்கமும் நோயாளியைத் தடுக்கின்றன. இயன் மருத்துவருக்கோ கவனிக்க வேண்டியவர்கள் பலர்.

இந்தக் குறையை நிரப்பவே இயந்திரங்கள் தோன்றின. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் நெவில் ஹோகன், ஹேர்மனோ கிறெப்ஸ் ஆகிய பொறியியலாளர்கள் உருவாக்கிய 'எம்.ஐ.ரி. மானுஸ்' அவற்றுள் முன்னோடியானது. மானுஸ் என்பது கையைக் குறிக்கும் இலத்தீன் சொல். 1990களின் நடுப்பகுதியில் அது நோயாளரிடம் பரீட்சிக்கப்பட்டது. நோயாளி மேசைமுன் அமர்வார். முன்னங்கை இயந்திரத்தோடு இணைக்கப்படும். எதிரேயுள்ள திரையில் தோன்றும் இலக்கை நோக்கி அவர் கையை நகர்த்த வேண்டும். அவரால் இயலாதபோது இயந்திரம் மெல்ல நகர்த்திக் கொடுக்கும். பின்னர் அமெரிக்க முன்னாட் படைவீரர் வைத்தியசாலைகளில் இதைப் பயன்படுத்தியபோது, ஒரு தடவையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அசைவுகள் செய்விக்கப்பட்டன. முப்பத்திரண்டு எங்கே, ஆயிரம் எங்கே!

சிறுவர்களுக்கு வேறு வகை. பிரான்சில் உருவான 'நாவோ' என்னும் றோபோ, ஏறத்தாழ 58 சென்ரிமீற்றர் உயரமுள்ள குட்டி இயந்திர மனிதன். ஸ்பானியாவில் செவில் நகர வைத்தியசாலையொன்றில், மூளை வாதத்தாலும் பிறப்பின்போது ஏற்பட்ட தோள் நரம்புக் காயத்தாலும் பாதிக்கப்பட்ட சிறுவர்களிடம் இதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். றோபோ கையை உயர்த்தும். பிள்ளை அதைப்போல் உயர்த்த வேண்டும். தவறினால் திருத்தும், சரியானால் பாராட்டும். தாய் கெஞ்சியும் செய்யாத பயிற்சியைப் பிள்ளை விளையாட்டென்று எண்ணிச் செய்துவிடுகிறது.

இயந்திரத்துக்குச் சில நற்பண்புகள் உண்டென்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அது களைப்பதில்லை. "எத்தனை தரம் சொல்லுறது?" என்று சினப்பதில்லை. மனிதர்முன் தடுமாற வெட்கப்படும் ஒருவர் அதன்முன் தடுமாறக் கூசுவதில்லை.

நிலாச்சோறு பொய்யா?

சரி, இது ஏமாற்று வேலையா?

நம் தாய்மார் பிள்ளைக்கு நிலவைக் காட்டிச் சோறூட்டுகிறார்கள். பிள்ளையின் கண் நிலவில், வாயில் சோறு. இதை வஞ்சகம் என்று எவரும் சொல்வதில்லை. நிலவும் மெய், சோறும் மெய், தாயின் அன்பும் மெய். மணலிற் சோறு சமைத்து விளையாடும் சிறுமி, "சாப்பிடுங்கோ" என்று நமக்குத் தருகிறாள். நாமும் உண்பதுபோற் பாவனை செய்கிறோம். அங்கே பொய் இல்லை. இருவரும் அறிந்து செய்யும் பாவனை பொய்யாகாது.

ஆனால் ஒருவர் அறிந்தும் மற்றவர் அறியாமலும் நடைபெறும் பாவனை அத்தகையதன்று. அவுஸ்திரேலிய மெய்யியலாளர் றொபேட் ஸ்பறோ 2002இல் எழுதிய கட்டுரையொன்றில் இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டினார். முதியோருக்குத் துணையாகக் கொடுக்கப்படும் இயந்திர நாய்கள் முதலியன, அவை உண்மையிலே தம்மை நேசிக்கின்றன என்று அம்முதியோர் மயங்கும்போதே ஆறுதல் அளிக்கின்றன. ஆகவே அவ்வாறுதல் மயக்கத்தின் மேற் கட்டப்பட்டது என்பது அவர் வாதம். மறதி நோயால் நினைவு குன்றிய ஒருவரைப் பொறுத்தமட்டில் இது நம்மை உறுத்த வேண்டிய வாதமே.

உடற்பயிற்சிக்கு உதவும் விளையாட்டில் நிலைமை வேறு. நமது ஆசிரியருக்கு எல்லாம் தெரியும். திரையில் ஓடும் பந்து வெறும் ஒளி என்பது தெரியும். அதைத் துரத்துவது கைக்காக என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே அவர் அவ்விளையாட்டுக்குள் இறங்குவாராயின், அவரை எவரும் ஏமாற்றவில்லை. சலிப்பைத் தாண்டிச் செல்வதற்கு ஒரு தோணியை அவரே தெரிந்து ஏறிக்கொள்கிறார்.

"வளர்ந்தவனுக்கு விளையாட்டு எதற்கு?" என்ற கேள்விக்கும் விடை உண்டு. குருமடத்தில் நாம் கற்ற புனித தோமஸ் அக்குவினாஸ், விளையாட்டை ஒழுக்க நூலுக்குப் புறம்பாகத் தள்ளவில்லை. உழைத்த உடலுக்கு ஓய்வு வேண்டியதுபோல், உழைத்த ஆன்மாவுக்கும் இளைப்பாறுதல் வேண்டும், விளையாட்டு அதனைத் தருகின்றது என்று அவர் கற்பித்தார். அதற்கு அவர் எடுத்துக்காட்டிய பழங்கதை அருளப்பரைப் பற்றியது. அப்போஸ்தலர் சீடரோடு விளையாடுவதைக் கண்டு சிலர் முகஞ்சுளித்தனர். அவர் அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவனை அழைத்து, நாணை இடைவிடாது இழுத்துக்கொண்டேயிருக்க முடியுமா என்று கேட்டார். இழுத்தபடியிருந்தால் வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனிதனின் மனமும் அத்தகையதே என்றார் அருளப்பர். விளையாட்டு ஆளுக்கும் இடத்துக்கும் நேரத்துக்கும் பொருத்தமாயிருக்க வேண்டும் என்ற வரம்பையும் தோமஸ் அக்குவினாஸ் விதித்தார். எழுபது வயது ஆசிரியருக்கு ஐந்து வயதுப் பிள்ளைக்குரிய கிலுகிலுப்பையைக் கொடுத்தால், குற்றம் விளையாட்டில் இல்லை. பொருத்தம் பாராதவரிலே உண்டு.

உதவியும் உபத்திரவமும்

இயந்திரப் பயிற்சியின் வரலாற்றில், குடும்பங்கள் யாவும் கற்கவேண்டிய ஒரு பாடம் இருக்கிறது. இயந்திரம் நோயாளியின் கையை எப்போதும் தானே நகர்த்திக் கொடுத்தால், நோயாளியின் முயற்சி தானாகவே தளர்ந்துவிடுவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். இது வேண்டுமென்று செய்யும் சோம்பல் அன்று. பிறர் சுமக்கும்போது சுமையை விட்டுவிடுவது உடலின் இயல்பு. ஆகவே இயந்திரங்களைத் திருத்தி அமைத்தார்கள். நோயாளி தாமே தொடங்கும்வரை அது காத்திருக்கும். தொடங்கியபின் தேவையான அளவு மட்டும் தாங்கும். அவர் தேறத் தேறத் தன் உதவியைக் குறைத்துக்கொள்ளும்.

அமெரிக்க உளவியலாளர் எட்வேட் டோப் வேறு வழியில் இதே உண்மையை அடைந்தார். நோயுற்ற கையைப் பயன்படுத்தாமல் விடும் பழக்கம், நோயைப்போலவே கையை முடக்குகிறது என்பது அவர் கண்டது. ஆதலால் நல்ல கைக்கு உறை மாட்டித் தடைசெய்து, நோயுற்ற கையையே வேலை செய்விக்கும் முறையை அவர் வகுத்தார். 222 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வு அம்முறையின் பயனை உறுதிசெய்தது. எனினும் எல்லா நோயாளருக்கும் அது பொருந்தாது. மருத்துவ ஆலோசனையின்றி வீட்டிற் செய்யத்தக்கதும் அன்று.

நான் சென்ற வீட்டில் என்ன நடந்தது? சோற்றைப் பிசைந்து ஊட்டினாள் மகள். சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட்டாள். தேநீர்க் கோப்பையை உதட்டருகிலே பிடித்தாள். அவள் அன்பிற் குறை காண எனக்கு மனம் வராது. தந்தையின் தடுமாற்றத்தைப் பார்த்திருக்க அவளால் முடியவில்லை. ஆனால் பார்த்துப் பொறுத்திருப்பதும் அன்பின் ஒரு கடமை. எல்லாவற்றையும் நாமே செய்துகொடுக்கும்போது, "உங்களால் இனி முடியாது" என்று சொல்லாமற் சொல்லிவிடுகிறோம். திருத்தப்பட்ட இயந்திரத்துக்குத் தெரிந்த பொறுமை நமக்கும் தெரிய வேண்டாமா?

இதிலிருந்து நல்ல விளையாட்டுக்கு மூன்று அடையாளங்களைக் கூறலாம். முதலாவது, அதன் நோக்கத்தை நோயாளி அறிந்து ஏற்றிருக்க வேண்டும். இரண்டாவது, அதன் பாராட்டு மெய்யாயிருக்க வேண்டும். கை அசையாதபோதும் "மிக நன்று" என்று மணி அடிக்கும் கருவி நோயாளியை மதிக்கவில்லை. மூன்றாவது, ஊன்றுகோலைப்போல், ஒருநாள் அவர் தன்னைக் கீழே வைத்துவிட்டுப் போகவேண்டும் என்பதே அதன் குறிக்கோளாயிருக்க வேண்டும்.

கணினியும் கடதாசியும்

இனி, மகன் கேட்ட கேள்விக்கு வருவோம். இயந்திரம் வாங்கலாமா?

2019இல் 'லான்செற்' மருத்துவ ஏட்டில் பிரித்தானிய ஆய்வொன்று வெளியாயிற்று. கை பாதிக்கப்பட்ட 770 நோயாளர் அதிற் பங்குபற்றினர். ஒரு பிரிவினர் எம்.ஐ.ரி. மானுஸ் வகை இயந்திரத்தில், ஒவ்வொரு முறையும் 45 நிமிடமாக, வாரம் மூன்று முறை, 12 வாரம் பயின்றனர். வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிட அவர்களுடைய கை அன்றாட வேலைகளில் மேம்பட்டதாகக் காணப்படவில்லை. முன்னர் 2010இல் வெளியான அமெரிக்க முன்னாட் படைவீரர் ஆய்விலும், மனிதப் பயிற்சியாளரே அதே அளவு கடுமையாகப் பயிற்சி கொடுத்தபோது, இயந்திரம் அவரை விஞ்சவில்லை. இயந்திரம் பயனற்றது என்பது இதன் பொருளன்று. ஆட்கள் போதாத இடத்தில் அது பெருந்துணை. ஆனால் அதிசயம் அதற்குள் அடைக்கப்பட்டிருக்கவில்லை.

இன்னோர் ஆய்வு நமக்கு மேலும் நெருக்கமானது. 2016இல் வெளியான அது கனடா, ஆர்ஜென்ரீனா, பேரு, தாய்லாந்து ஆகிய நாடுகளில் 141 நோயாளரிடம் நடைபெற்றது. எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. அதற்கு மேலாக ஒரு பிரிவினர் 'வீ' என்னும் வீடியோ விளையாட்டுக் கருவியில் விளையாடினர். மற்றப் பிரிவினர் கடதாசி விளையாடினர், மரத்துண்டுகளை அடுக்கினர், பந்தெறிந்தனர். இரண்டு வாரங்களில் பத்துத் தடவை, தடவைக்கு ஒரு மணித்தியாலம். முடிவில் இரு பிரிவினரும் முன்னேறியிருந்தனர். இரு பிரிவினருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

புதிய கருவிக்கு ஈடாக நின்றது பழைய கடதாசிக் கட்டு! கையை வேலைக்கு அழைக்கும் விளையாட்டு எதுவாயினும், அது போதிய அளவு நடைபெற்றால் பயன் ஏறக்குறைய ஒன்றே என்று இதிலிருந்து எண்ண இடமுண்டு.

எனக்கு ஆள் இல்லை

அடுத்த முறை ஆசிரியரைக் கண்டபோது இந்த ஆய்வைச் சொன்னேன். கணித ஆசிரியரல்லவா? "எத்தனை பேர்? எப்படிப் பிரிச்சவை?" என்று கேட்டார். தற்செயல் முறையிற் பிரித்தார்கள் என்றேன். தலையசைத்தார். சற்று நேரம் பேசவில்லை.

"முந்தி நாங்கள் பின்னேரத்திலை முந்நூற்றுநாலு விளையாடுறனாங்கள், சுவாமி. ஆனால் அதுக்கு நாலு பேர் வேணும். இப்ப ஆர் வருகினம்?"

பெத்சாயிதா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகளாய்க் கிடந்த நோயாளி என் நினைவுக்கு வந்தான். குணமடைய விருப்பமுண்டா என்று ஆண்டவர் முதலில் அவனிடம் கேட்டார். அவனுடைய சித்தத்தைக் கேளாமல் அவர் அவனைத் தொடவில்லை. அதற்கு அவன் கூறிய மறுமொழியில் விருப்பமும் இல்லை, மறுப்பும் இல்லை. தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்பதே அவன் முறைப்பாடு. விருப்பம் மங்கிப்போனதற்கு ஆளில்லாமையே காரணம்போலும்.

இப்பொழுது ஆசிரியரின் முதற் கேள்விக்கு என்னால் விடை கூற முடிகிறது. விளையாட்டைக் காட்டி நோயாளியைத் தூண்டுவது அவமதிப்பன்று. சோர்ந்துபோன சித்தத்துக்குக் கைகொடுப்பது அது. இயந்திரம் அதைச் செய்தாலும் நன்றே. ஆனால் கருவியை வாங்கி வைத்துவிட்டு, நம் கடமை முடிந்தது என்று நாம் விலகிக்கொண்டால், அப்போதே அவமதிப்பு நிகழ்கிறது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் இதைக் கேட்டு மனம் நோக வேண்டியதில்லை. வாங்கி அனுப்ப முடியாத கருவிக்காகவும் வருந்த வேண்டியதில்லை. நாள்தோறும் அழைத்து, "இண்டைக்கு எத்தனை தரம் செய்தீங்கள், அப்பா?" என்று கேட்பதும் துணையே.

அந்த வீட்டில் இப்போது வாரத்தில் மூன்று மாலைகளில் கடதாசி விளையாட்டு நடைபெறுகிறது. மகள், பேரன், அயலிலுள்ள ஓய்வுபெற்ற தபாலதிபர், ஆசிரியர் ஆக நால்வர். இயன் மருத்துவரிடம் கேட்டு, கடதாசிகளை இடது கையிற் பிடித்து, வலது கையால் எடுத்துப் போடுவதென்று ஒழுங்கு செய்தார்கள். முதல்நாள் பல கடதாசிகள் நிலத்தில் விழுந்தனவாம். பேரன் எடுத்துக் கொடுக்கக் குனிந்தபோது, "விடடா, நான் எடுக்கிறன்" என்றாராம் ஆசிரியர். கை முழுதும் குணமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அதை வைத்தியரும் சொல்லவில்லை. ஆனால் யன்னலோரத்துப் பந்திலே இப்போது தூசு இல்லை.

நோயாளரைச் சந்திக்கச் செல்லும்போது நாம் தோடம்பழமும் பிஸ்கற்றும் கொண்டு செல்கிறோம். ஐந்து நிமிடம் நின்று அனுதாபம் கூறிவிட்டு வருகிறோம். அடுத்த முறை ஒரு மணித்தியாலத்தையும் கையோடு கொண்டு செல்வோம். நாலாவது ஆளுக்காக ஒரு கதிரை அங்கே வெறுமையாயிருக்கக்கூடும்.